பீரோ நகரும் வீடு

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலை செய்யும் இடத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், சில நேரம் அவரே கூடத் திரும்ப மாட்டார். எல்லோருக்கும் அவர் 'பரவாயில்லை சார்'. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தாலும் பரவாயில்லை. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தாலும் பரவாயில்லை. முடிவெட்டுகிறவர் கை தவறி ஒரு பக்கத்தை வழித்துவிட்டபோது, கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா, வளந்துடும்" என்று வெட்டினவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர் அவர்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையொன்றில் புகார் வாங்குவது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன மேஜை, அதன் முன்னால் எப்போதும் ஒரு வரிசை. ஓடும்போது மூடி பறந்த மிக்ஸிக்காரர்கள், துணி துவைக்கச் சொன்னால் அறைக்குள் நடைப்பயிற்சி போகும் வாஷிங் மெஷினை வாங்கியவர்கள், வாங்கிய அன்றே அழுகிற மாதிரி சத்தம் போடும் ஃபேனைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள். எல்லோரும் கத்துவார்கள். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில், "உங்க எடத்துல நான் இருந்தா இதைவிடக் கோபப்பட்டிருப்பேங்க" என்பார். அது சுத்தப் பொய். அவர்கள் இடத்தில் அவர் இருந்திருந்தால் அந்த ஃபேனை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, "பரவாயில்ல, பேச்சுத் துணையாச்சு" என்று படுத்திருப்பார்.

அடுத்தவர் புகாருக்கு இவ்வளவு இடம் கொடுத்த அந்த மனதில் சொந்தப் புகாருக்கு இடமில்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு குடியிருந்த வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகியது. ஒருநாள் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் அந்த வீட்டு ஓனரிடம் போய், வார்த்தைக்கு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார். "பிடிக்கலேன்னா வேற வீடு பாத்துக்கோங்க" என்றார் அந்த மகானுபாவர். பார்த்துக்கொண்டார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து மகள் அழுததும், புது வீட்டுக்கு வந்த பிறகு எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் ஒரு மாதம் ஒரே ஒரு கரண்டியை வைத்துக் குடும்பம் நடத்தியதும் அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டன. வாயைத் திறந்தால் அட்டைப்பெட்டி. அவர் வாழ்க்கையில் கற்ற பாடம் இதுதான்.

அதனாலேயே இப்போதைய வீட்டை அவர் கண்ணில் வைத்துக் காத்தார். மாடிப் போர்ஷன். மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேப் தெருமுனையில். மகளின் பள்ளியில் மணி அடித்தால் சமையலறையில் கேட்கும், மணி கேட்ட பிறகு கிளம்பினால் கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். கீழே ஹவுஸ் ஓனரும் அவர் மனைவியும் மட்டும். ஓனர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடியும் விளக்கும் காட்டியே காலம் போய்விட்டதாலோ என்னவோ, வாயால் அதிகம் பேச மாட்டார். இவரை அவர் 'சார்' என்பார், அவரை இவர் 'சார்' என்பார். மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும் ஒதுங்கி நின்று, 'நீங்க போங்க சார்', 'இல்ல, நீங்க போங்க சார்' என்று தவித்து, கடைசியில் இருவருமே வந்த வழியே திரும்பிப் போவதும் உண்டு.

இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது. பரவாயில்லை சாருக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

போன வெயில் காலத்தில், படுக்கையறை ஏசிக்குக் கீழே, சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. "அப்பா, கொசு" என்றாள் மகள். இவர் செய்தித்தாளைச் சுருட்டி ஓர் அடி அடித்தார். கொசு பறக்கவில்லை, சாகவும் இல்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாகி அங்கேயே இருந்தது. பூஞ்சை.

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். வினிகர் தெளித்தார். அறை முழுக்க ஊறுகாய் வாடை அடித்ததே தவிர, பூஞ்சைக்கு அது ஒத்துக்கொண்டதாகத்தான் தெரிந்தது. பிறகு மீதமிருந்த பெயிண்டை எடுத்து மேலே பூசினார். சுவர் நிறம் வேறு, பெயிண்ட் நிறம் வேறு. நல்ல சுவரில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு சதுரம் பளிச்சென்று நின்றது. அந்தச் சதுரத்தை மறைக்கத்தான் அவர் முதன்முதலாகப் பீரோவை நகர்த்தினார்.

இரும்புப் பீரோ. உள்ளே துணிமணியோடு சேர்த்து நகர்த்தினால் ஒரு மாட்டுவண்டிக்குரிய கனம். கால்கள் தரையில் உராயும் சத்தம் பல்லைக் கூசச் செய்யும். ஒரு முறையோடு முடிந்திருந்தால் சரி. பூஞ்சையோ வாடகை கொடுக்காமல் குடியேறியது போதாதென்று பக்கத்து இடங்களையும் பிடிக்க ஆரம்பித்தது. சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் நகர்ந்தது. மகள் அதில் முதலில் ஒட்டகம் பார்த்தாள், பிறகு யானை, பிறகு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஒவ்வொரு முறையும் இவர் பழைய இடத்துக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, புதிய இடத்துக்கு முன்னால் பீரோவைத் தள்ளுவார். காலண்டர் ஒரு பக்கம், மகள் வரைந்த மயில் ஒரு பக்கம் என்று மிச்சத்தை மூடினார். பீரோ மெல்ல மெல்ல அறையைச் சுற்றி வந்து, கடைசியில் ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சநஞ்சம் வந்த காற்றும் வெளிச்சமும் அதோடு போயிற்று, பூஞ்சைக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை.

இதிலொரு விநோதம். பீரோவை நகர்த்துகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், மூச்சு வாங்கிக்கொண்டு இவர் வியர்வையைத் துடைக்கும்போது கதவு தட்டப்படும். வாசலில் ஓனர். கையில் ஒரு தட்டு, தட்டில் ஆரஞ்சுப் பழங்கள்.

"வீட்ல எல்லாம் சௌகரியமா இருக்கா சார்?"

 மோப்பம் பிடித்துவிட்டார், சுவரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து இவர் வாசற்படியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்று, "பரவாயில்ல சார், பரவாயில்ல சார்" என்று தட்டை வாங்கிக்கொள்வார். பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மகள் ஒரு சுளையைத் துப்பிவிட்டு ஓடிவிடுவாள். மனைவி தொடவே மாட்டாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது பழம் எப்படி என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாதே என்பதற்காக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் இவரே தின்று தீர்ப்பார். பிறகு கீழே போய், "பிரமாதம் சார்" என்று பொய் சொல்லிவிட்டு வருவார்.

ஏசியும் தன் பங்குக்கு வேலையைக் காட்டியது. ஓடவிட்டால் உள்ளேயே சொட்டியது. கட்டிலில் ஒரு வாளி வைத்து, அதைச் சுற்றி மூன்று பேரும் வளைந்து நெளிந்து படுத்தார்கள். மெக்கானிக்கை வரவழைத்தார்கள். எப்போது போன் செய்தாலும் 'வந்துட்டே இருக்கேன் சார்' என்று சொல்கிற, இரண்டு நாள் கழித்து வருகிற ஆள். வந்து ஃபில்டரைக் கழுவினார், இதற்கு முன் சர்வீஸ் செய்த மெக்கானிக்கைத் திட்டினார் (அதுவும் அவரேதான், மறந்துவிட்டார்), பிறகு, "தண்ணி வெளிய போற பைப்புல அடைப்பு இருக்கலாம் சார், கீழ போய்ப் பாத்துடட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் குழாய் சுவருக்குள் புகுந்து வெளியே வந்து, கீழே ஓனரின் முன்வாசல் தாழ்வாரத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் ஓனரின் நாற்காலி. காலை முழுக்க அவர் அங்கே உட்கார்ந்து செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார்.

"வேணாம்பா, அவர் பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. தொந்தரவு. பரவாயில்ல, ஃபில்டர் கழுவினதே போதும்" என்று இவர் மெக்கானிக்கை அனுப்பி வைத்தார்.

மகள் தும்ம ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். காலையில் கண் விழித்ததும் ஒன்று, பின்னாலேயே ஒன்று, பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு ஒன்று. வீட்டில் அலாரம் வைக்கும் வழக்கமே நின்றுபோயிற்று. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல எங்கயாவது ஈரம் இருக்கா?" என்று கேட்டார். மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் எடை பார்க்கும் மெஷினைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "கீழ போய்ச் சொல்லுங்க."

"சொல்லலாம்மா. சமயம் பாத்து..."

"சுவத்துல இருக்கறதவிட உங்க வாய்க்குள்ளதாங்க பூஞ்சை அதிகம். தொறந்தாத்தானே காத்து போகும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும். இல்லேன்னா நானே போய் அட்டைப்பெட்டி வாங்கிட்டு வரேன். குழந்தைய விட எனக்கு இந்த வீடு பெருசில்ல."

அவருக்கு மட்டும் பெரிதா? இரவெல்லாம் மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பவர் அவர்தான். சொன்னால் வீடு போய்விடும், சொல்லாவிட்டாலும் வீடு போய்விடும், நடுவில் பிள்ளை தும்முகிறது. தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தையும் பாவம், யாரிடமும் காட்டத் தெரியவில்லை.

கடையில் சாப்பாட்டு நேரத்தில் கேஷியரை ஓனராக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். "சார், சுவர்ல பூஞ்சை. நீங்க என்னன்னு பாக்கணும்." நன்றாகத்தான் ஆரம்பித்தார். கேஷியர் புருவத்தைத் தூக்கி, "அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றதும், இவர் வாய் பழக்கதோஷத்தில், "நீங்க சொல்றதும் நியாயந்தாங்க, உங்க எடத்துல நான் இருந்தா..." என்று தொடங்கிவிட்டது. கேஷியர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினார். ஓனர் நாற்காலியில் இருந்தார். இவரைக் கண்டதும் ஏனோ திடுக்கிட்டு, மேலே தொங்கும் குழாயை ஒரு தரம் பார்த்துவிட்டு, செய்தித்தாளை மடித்தார்.

"வாங்க சார். ஏசி... நல்லா ஓடுதா?"

நேராக விஷயத்துக்கே வந்துவிட்டாரே. இதைவிட நல்ல வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? இவர் மூச்சை இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்தார்.

"பரவாயில்ல சார்."

ஓனர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் என்னவோ எச்சரிக்கை இருப்பதாக இவருக்குப் பட்டது. பிறகு வெயிலைப் பற்றி இருவரும் வளவளவென்று கொஞ்ச நேரம் பேசினார்கள். கிளம்பும்போது ஓனரம்மா உள்ளேயிருந்து ஒரு தட்டை நீட்டினார்.

மேலே வந்தவரின் கையைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னாள்: "புகார் குடுக்கப் போனவரு பழம் வாங்கிட்டு வந்திருக்காரு."

மறுநாள் அவள் யாரையும் கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு அவளே போன் செய்தாள். எப்படிப் பேசினாளோ தெரியாது, இரண்டு நாள் கழித்து வருகிறவர் காபி ஆறுவதற்குள் வந்து நின்றார். "அன்னிக்குப் பாக்கணும்னீங்களே, அந்தப் பைப்ப இன்னிக்குப் பாருங்க" என்று அவரையும், அவர் பின்னாலேயே தன் புருஷனையும் கீழே அனுப்பினாள்.

மெக்கானிக் முன்வாசலில் ஸ்டூலைப் போட்டதும் ஓனர் நாற்காலியிலிருந்து எகிறி எழுந்தார். "அங்க ஒண்ணும் இல்லப்பா. சும்மா பைப்புதான். அதெல்லாம் வேணாமே." முகத்தில் ஈயாடவில்லை.  ஓனருக்குக் கோபம் வந்துவிட்டது, அவ்வளவுதான், பெட்டி கட்ட வேண்டியதுதான். பரவாயில்லை சாருக்கு அந்தப் பழைய வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

மேலே மகள் தும்மினாள். பின்னாலேயே இன்னொன்று. பின்னாலேயே இன்னொன்று.

"இல்ல சார்" என்றார் இவர்.  "பாக்கணும் சார்."

மெக்கானிக் ஸ்டூலில் ஏறிக் குழாயின் வாயைத் தடவினார். சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். "யாரோ மூடி போட்டு வெச்சிருக்காங்க சார்" என்று சொல்லி ஓர் இழு இழுத்தார். போன வெயிலிலிருந்து குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் கறுகறுவென்று கூழாகப் பீறிட்டது. மெக்கானிக்குக்குத் தொழில் தெரியும், தலையை ஒதுக்கிக்கொண்டார். கீழே பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு சார்களும் முழுதாக நனைந்தார்கள்.

மெக்கானிக் அந்த மூடியை உயர்த்திக் காட்டினார். பழைய ஃப்ளாஸ்க்கின் கார்க்.

"என்னோடதுதான்" என்றார் ஓனர், மூக்கு நுனியில் கறுப்புத் தண்ணீர் சொட்ட. "ரயில்ல டீ கொண்டுபோற ஃப்ளாஸ்க். இங்க உக்காந்தா பேப்பர்ல சொட்டுச்சு சார். கரெக்டா குறுக்கெழுத்து மேலயே. நாற்காலியத் தள்ளிப் போட்டேன். காத்தடிச்சா அங்கயும் வந்துச்சு. அதான்."

"சொல்லியிருக்கலாமே சார்."

"ஒரு மாதிரியா இருந்துச்சு சார்."

பரவாயில்லை சார் அந்தக் கார்க்கைப் பார்த்தார். வெளியே போக வழியில்லாத தண்ணீர் மேலே ஏறி, சுவருக்குள் இருக்கும் இணைப்பில் கசிந்து, ஒட்டகமாகவும் யானையாகவும் தலைமையாசிரியையாகவும் முளைத்த கதை அவருக்கு இப்போது புரிந்தது. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். வெட்கம்தான் வந்தது. தன் பக்கமும் ஒரு மூடி இருந்ததே.

"மேல வாங்க சார். நானும் ஒண்ணு காட்டணும்."

துண்டால் துடைத்துக்கொண்டு ஓனர் மாடியேறினார். படுக்கையறையில் பீரோவின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறு பக்கத்தை இவர் பிடித்தார். தரையே கிழிகிற மாதிரி சத்தத்தோடு அது நகர்ந்தது. பின்னால் சுவர் கறுப்பாக, ஈரமாக, மயிர் முளைத்து நின்றது. காலண்டரும் மயிலும் எடுக்கப்பட்டன. பூசி மெழுகிய சதுரங்கள் வரிசையாக வெளிப்பட்டன. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல இவர் நின்றார்.

"எப்போலேர்ந்து சார்?"

"போன வெயில்லேர்ந்து."

"சொல்லியிருக்கலாமே சார்."

"ஒரு மாதிரியா இருந்துச்சு சார்."

வாசலில் நின்றிருந்த மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். ஓனரம்மா. மூட்டுவலிக்காரி, மாடி ஏறவே மாட்டார் என்று பெயர். மூச்சிரைக்க உள்ளே வந்தார், கையில் தட்டு, தட்டில் ஆரஞ்சு.

"காலி பண்றீங்களா?" என்றார். கண் கலங்கியிருந்தது. "பண்ணாதீங்கம்மா. எங்க தலைக்கு மேல அந்தப் பீரோ சத்தம் கேக்கறப்போல்லாம் சாமான் கட்டறீங்கன்னு நெனச்சுப் பயந்துடுவேன். உடனே பழத்தக் குடுத்து இவர அனுப்புவேன், என்ன குறைன்னு கேட்டுட்டு வாங்கன்னு. இவரு திரும்பி வந்து, உங்க வீட்டுக்காரரு பரவாயில்லன்னுட்டாருன்னு சொல்வாரு. நீங்க வர்றதுக்கு முன்னால ரொம்ப நாள் மாடி பூட்டிக் கெடந்துச்சு. மேல ஒரு காலடிச் சத்தம் இல்லாம, நாங்க ரெண்டு பேரும் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். இப்போல்லாம் காலையில அந்தக் குழந்தை தும்மறது கேட்டுத்தான் எழுந்திருக்கறேன்."

 மெக்கானிக் கார்க்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துரத்திவிடுவார்களோ என்று பயந்து இவர் போட்ட சத்தம், போய்விடுவார்களோ என்று கீழே இரண்டு பேரைப் பயமுறுத்தியிருக்கிறது. 

"நாங்க எங்கயும் போகலம்மா" என்றார் பரவாயில்லை சார்.

"அப்போ என்ன குறைன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. சுவத்த இடிக்கணுமா, இடிச்சுக் கட்டிடலாம். பைப்ப நீட்டிக் கீழ சாக்கடை வரைக்கும் விட்டுடலாம். இன்னும் என்ன இருந்தாலும் சொல்லுங்க, எனக்குச் சத்தியமாக் கோவம் வராது."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனைவி கண்ணால் தள்ளினாள். கடையில் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அதே மாதிரி நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆரஞ்சுப் பழம்" என்றார். "ரொம்பப் புளிக்குதும்மா."

ஓனரம்மா தட்டைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

"நம்ம தோட்டத்துப் பழம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவருக்குக் குடுத்துட்டிருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்லயே."

"ஒரு மாதிரியா இருந்துச்சும்மா" என்றார் ஓனர்.